ஏற்ற உணவை விரும்பி உண்ணக் கற்பித்தல்

இளங்குழந்தைகளை உடைய தாய்மார் எம்மைக் காணும்போதெல்லாம் கூறும் குறை ஒன்று உண்டு. "டீச்சரம்மா, பிள்ளை காய் என்றாலே வாயை மூடிக்கொள்கிறான். பொரியலைத் தட்டின் ஓரத்திற்கு ஒதுக்கிவிடுகிறான். பழம் கொடுத்தால் ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிடுகிறான். தயிர்ச் சோறும் அப்பளமும் இருந்தால் போதும் என்கிறான்." இக்குறையைக் கேளாத திங்கள் எமக்கு இல்லை.

இது எல்லா இல்லங்களுக்கும் பொதுவான குறையே. எனினும் நம் இல்லங்களில் இதற்குக் கனம் சற்றுக் கூடுதல். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், முள்ளங்கி முதலாக மண்ணுக்குள் விளைபவற்றை நாம் விலக்குகிறோம். ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைப் பழங்களை உண்பதில்லை. கடைப்பிடிப்பு இல்லத்துக்கு இல்லம் சிறிது வேறுபடலாம். ஆயினும் நாம் விலக்கியவை போக எஞ்சும் காய்கனிகளைக் குழந்தையும் விலக்கிவிட்டால், அதன் தட்டில் மிஞ்சுவன சோறும் தயிரும் பிஸ்கட்டுமே.

மற்றொன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கது. 'இது கூடாது', 'அது ஆகாது' என்று நாள்தோறும் கேட்டு வளரும் குழந்தை, 'இது நமக்குரியது, இது சுவையானது' என்பதை ஒருமுறையேனும் நாவால் உணராதிருந்தால், தன் வீட்டு உணவை இல்லாமையின் உணவாகவே கருதும். யாம் அறிந்த ஓர் இல்லத்துப் பிள்ளை, கல்லூரி விடுதிக்குச் சென்ற முதலாண்டிலேயே வீட்டு வழக்கம் அனைத்தையும் கைவிட்டான். கடிந்துகொண்ட தந்தையிடம் அவன் கூறிய விடை இது: "எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தீர்கள் அப்பா. சாப்பிடக்கூடியதில் எனக்குப் பிடித்தது என்று ஒன்றும் இல்லையே." அவ்விடையே இப்பாடத்தை எழுதத் தூண்டியது.

பாடத்தின் நோக்கம்

நாம் ஏற்ற காய்களையும் கனிகளையும் குழந்தை அச்சமின்றி அறிந்து, சுவைத்து, விரும்பி உண்ணச் செய்தல். இரண்டு வயது முதல் ஏழெட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இது பொருந்தும்.

குழந்தை ஏன் மறுக்கிறது?

மறுப்பைப் பிடிவாதம் என்று பெயரிட்டுவிடுவது எளிது. உண்மையில் அதற்குக் காரணங்கள் உள.

முதலாவது, வளர்ச்சியின் வேகம். பிறக்கும்போது ஏறக்குறைய 3 கிலோ எடையுள்ள குழந்தை, ஓராண்டு நிறைவில் அதனைப் போல் மும்மடங்கு எடை பெறுகிறது. இரண்டு வயதுக்குப் பின்னரோ ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கிலோ அளவே கூடுகிறது. வேகம் தணியவே பசியும் தணிகிறது. 'சென்ற ஆண்டு நன்றாகத் தின்ற பிள்ளை' என்று தாய் வருந்துவதன் பொருள் இதுவே.

இரண்டாவது, புதிய உணவின்மீது கொள்ளும் அச்சம். இரண்டு வயது முதல் ஆறு வயது வரை இது மிகுந்திருக்கும் என்று குழந்தை வளர்ச்சி ஆய்வாளர் கூறுவர். நடக்கக் கற்ற குழந்தை கண்டதையெல்லாம் வாயிலிட்டுக்கொள்ளாதபடி இயற்கை வைத்த காவல் என்று இதனைக் கொள்ளலாம்.

மூன்றாவது, பிறவிச் சுவை. இனிப்பை விரும்புவதும் கைப்பை வெறுப்பதும் பிறக்கும்போதே அமைந்தவை. பாகற்காயையும் கீரையையும் விரும்ப வேண்டுமானால், அவ்விருப்பம் பழக்கத்தால்தான் வர வேண்டும்.

பழக்கம் என்பது எத்தனை முறை? லியான் பர்ச் என்னும் அமெரிக்க உளவியலறிஞரும் அவர்தம் துணைவரும் 1982-இல் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வொன்று இதற்கு விடை தருகிறது. முன்பு அறியாத உணவுகளைச் சிலவற்றை 2 முறையும், சிலவற்றை 5, 10, 15, 20 முறையும் குழந்தைகள் சுவைத்தனர். எதனை மிகுதியான முறை சுவைத்தனரோ அதனையே மிகுதியாக விரும்பினர். நாமோ இரண்டு மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டு, 'இவனுக்குப் புடலங்காய் ஆகாது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கண்ணால் கண்டால் மட்டும் போதாது. நாவில் பட வேண்டும். ஒரு விரல் நுனி அளவு பட்டாலும் அது ஒரு பாடம்.

இப்பழக்கம் கருவிலேயே தொடங்குகிறது என்பதும் அறியத்தக்கது. 2001-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருவுற்றிருந்தபோதோ பாலூட்டியபோதோ கேரட் சாறு பருகிய தாயரின் குழந்தைகள், பின்னர் கேரட் கலந்த கூழை முகஞ்சுளிக்காமல் ஏற்றனர். கேரட் நமக்குரியதன்று, கருத்து நமக்குரியது. கருவுற்ற பெண் முருங்கைக்கீரையையும் பீர்க்கங்காயையும் உண்டால் குழந்தைக்கும் அச்சுவை அறிமுகமாகும்.

நாம் செய்யும் தவறுகள்

முதலில் எமது தவற்றையே கூறிவிடுகிறோம். எமது மூத்த மகளுக்கு நான்கு வயது. பள்ளியிலிருந்து திரும்பிச் சமைத்து, கதிரவன் மறைவதற்குள் அனைவரையும் உண்பிக்க வேண்டும் என்ற பதற்றம் எமக்கு. அவள் தட்டில் புடலங்காய்ப் பொரியல் அப்படியே இருந்தது. பொழுது சாய்கிறது என்று அதட்டினோம். அசையவில்லை. கதவின் பின்னிருந்த பிரம்பை எடுத்துக் காட்டினோம். அழுதுகொண்டே விழுங்கினாள், சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தாள். இன்று அவளுக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. இரு பிள்ளைகளுக்குத் தாய். எல்லாக் காய்களையும் சமைக்கிறாள். புடலங்காய் மட்டும் அவள் வீட்டுக்குள் வருவதில்லை. நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் பயின்ற யாம், ஒரு குழந்தைக்கு ஒரு காயை வெறுக்கக் கற்பித்தோம்.

அச்சுறுத்தி ஊட்டுவது முதல் தவறு. வாயைப் பிடித்துத் திணிப்பதும் இவ்வகையினதே. எறும்பையும் மிதிக்கலாகாது என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கும் நாம், உணவு வேளையில் அக்குழந்தையிடமே வன்மை காட்டுவது முறையன்று.

பரிசு காட்டி ஊட்டுவது இரண்டாவது தவறு. 'இந்தக் காயைத் தின்றால் சாக்லேட் தருவேன்' என்று நாம் கூறும்போது, காய் துன்பம் என்றும் சாக்லேட் இன்பம் என்றும் நாமே வகுத்துக் கொடுக்கிறோம். 1984-இல் பர்ச் குழுவினர் நடத்திய மற்றோர் ஆய்வில், பரிசு பெறுவதற்காக ஒரு பானத்தைப் பருகிய குழந்தைகள், பின்னர் அப்பானத்தை முன்னினும் குறைவாகவே விரும்பினர்.

கைப்பேசியைக் காட்டி ஊட்டுவது மூன்றாவது தவறு. இது நம் காலத்தில் மிகப் பெருகிவிட்டது. படத்தில் மூழ்கிய குழந்தை விழுங்குகிறது. ஆனால் தான் உண்டது யாது, அதன் சுவை யாது, வயிறு நிறைந்ததா என்பவற்றை அறிவதில்லை. அந்த வேளையில் எத்தனை காய் உள்ளே சென்றாலும் பழக்கம் உண்டாவதில்லை.

தெரியாமல் கலந்து ஊட்டுவதையும் சொல்ல வேண்டும். கீரையை அடைமாவில் அரைத்துக் கலப்பது உடலுக்கு நன்மையே. அதனைத் தவறென்று கூறோம். ஆனால் அத்துடன் நின்றுவிட்டால் குழந்தை கீரையை அறியாமலே வளரும். அடையில் கலந்த நாளிலும் தட்டில் கண்ணுக்குத் தெரிய ஒரு சிறு பங்கு வைக்க வேண்டும்.

எவ்வளவு தேவை?

உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, காய்களும் கனிகளும் சேர்ந்து ஒரு நாளைக்கு இரண்டு முதல் ஐந்து வயது வரை குறைந்தது 250 கிராமும், ஆறு முதல் ஒன்பது வயது வரை 350 கிராமும், பத்து வயது முதல் 400 கிராமும் வேண்டும். உருளை போன்ற மாவுக் கிழங்குகளை அந்நிறுவனம் இக்கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே அதனை விலக்கியதால் நம் குழந்தைகளுக்கு இதில் இழப்பொன்றும் இல்லை.

250 கிராம் என்றவுடன் மலைக்க வேண்டா. காலையில் ஒரு சிறு வாழைப்பழம், பகலில் சாம்பாரிலும் பொரியலிலுமாகச் சில கரண்டி காய், மாலையில் ஒரு சிறு கிண்ணம் பப்பாளித் துண்டுகள் என்று பிரித்துக் கொடுத்தால் அவ்வளவு வந்துவிடும்.

கேரட் இல்லாமல் கண்ணுக்கு உரிய சத்து எங்ஙனம் கிடைக்கும் என்று இளந்தாயர் கேட்கின்றனர். மஞ்சள் பூசணி, பப்பாளி, மாம்பழம், முருங்கைக்கீரை ஆகியவற்றில் அது நிறைந்துள்ளது. அச்சத்தை உடல் ஏற்க எண்ணெயோ நெய்யோ சிறிது வேண்டும். ஆகவே கீரைத் துவட்டலில் நெய் விடுவது வீண்செலவன்று.

2019–21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர் எனக் கண்டனர். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் நன்கு ஏற்பதற்கு நெல்லி, கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றின் புளிப்புச்சத்தான வைட்டமின் சி துணை செய்யும். உணவுடன் தேநீரும் காப்பியும் கொடுத்தால் அது தடைப்படும். சோற்றுக்குப் பின் ஒரு கொய்யாத் துண்டு கொடுப்பதன் பயன் இப்பொழுது விளங்கும்.

பயிற்சிப் பள்ளி தந்த மூன்று நெறிகள்

1970-களின் தொடக்கத்தில் யாம் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது கற்பித்தலின் நெறிகள் சிலவற்றை மனப்பாடமாகக் கூறுவோம். அவை கரும்பலகைக்கே உரியன என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். பேரக்குழந்தைகளுக்கு உணவூட்டியபோதுதான் அடுக்களைக்கும் அவை பொருந்தும் எனக் கண்டோம்.

ஒன்று: அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க. குழந்தை பருப்புச் சோற்றை விரும்பினால், அதே பருப்பில் பூசணியைக் குழைய வேகவைத்துக் கூட்டாக்குக. அது பழகியபின் சுரைக்காய், பின்னர் பீர்க்கங்காய் என்று மாற்றுக. வாழைப்பழம் உண்ணும் குழந்தைக்கு அதனுடன் இரண்டு துண்டு பப்பாளி வைக்கலாம். ஒரு வேளையில் ஒரு புதுமை போதும்.

இரண்டு: எளியதிலிருந்து கடியதற்குச் செல்க. பூசணி, அவரை, வெள்ளரி ஆகியவை எளிய பாடங்கள். கொத்தவரையும் கீரையும் நடுவகுப்புப் பாடங்கள். பாகற்காய் உயர்வகுப்புப் பாடம். அதனை முதல் நாளே நடத்தலாகாது. சில காய்களைக் குழந்தை வெறுப்பது சுவையால் அன்று, பதத்தால். வெண்டையின் கொழகொழப்பே குற்றம். அதனை நன்கு துடைத்து, ஈரமின்றி நீளவாக்கில் நறுக்கி, அகன்ற சட்டியில் மூடாமல் வதக்கினால் அக்குற்றம் நீங்கும்.

மூன்று: செய்து கற்க. நம் அடுக்களைகளில் இதற்கென்றே அமைந்த ஒரு செயல் உண்டு. அவரையையும் வெண்டையையும் கீற்றிப் பூச்சி பார்த்த பின்னரே சமைக்கிறோம். அவ்வேலையில் குழந்தையை அருகில் அமர்த்துக. முறத்தில் அவரைக்காயைப் பரப்பி, உரித்து, உள்ளே புழு உண்டா என்று பார்க்கச் சொல்லுக. கண்டால் நசுக்காமல் இலையில் ஏந்திக் கொல்லையில் விட்டு வரட்டும். நான்கு வயதுக் குழந்தை இதனை எத்துணை ஆர்வத்துடன் செய்கிறது என்பதைக் கண்டவர் அறிவர். தன் கையால் ஐம்பது அவரைக்காயைத் திறந்து பார்த்த குழந்தைக்கு அவரை புதிய பொருளன்று. நறுக்கும் கத்தியும் அரிவாள்மணையும் மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

இவற்றுடன் உடன் உண்பாரின் துணையும் வேண்டும். எம் வகுப்பில் தயிர்ச் சோறும் வடகமும் தவிர வேறொன்றும் உண்ணாத சிறுவன் ஒருவன் இருந்தான். நண்பகலில் புங்கமரத்து நிழலில் பிள்ளைகள் வட்டமாக அமர்வர். அவன் அருகில் அமர்ந்த சிறுமி நாள்தோறும் காய் கொண்டுவருவாள். யாம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு திங்கள் கழிந்தபின் அவன், "உன் சுரைக்காயில் கொஞ்சம் தா" என்று கேட்பதைக் கண்டோம். காய்களைக் கொண்டு 1980-இல் பர்ச் செய்த ஆய்வும் இதனையே கூறுகிறது: வேறு காயை விரும்பும் தோழருடன் அமர்ந்துண்ட குழந்தைகள், சில நாட்களில் தோழர் விரும்பிய காயையே எடுத்தனர். தோழரினும் வலிய முன்மாதிரி தந்தை. தந்தை பொரியலை ஒதுக்கும் வீட்டில் மகனை ஒதுக்காதே என்பது பயனற்ற அறிவுரை.

மாலை உணவின் சிக்கல்

நம் இல்லங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. குழந்தை பள்ளியிலிருந்து திரும்ப மாலை நாலரை, ஐந்து மணி ஆகிறது. சென்னை வட்டாரத்தில் ஜூன் இறுதியில் கதிரவன் ஏறக்குறைய 6.40 மணிக்கு மறைகிறான். நவம்பர் இறுதியிலோ 5.40 மணிக்கே மறைந்துவிடுகிறான். பசியோடு வந்த குழந்தைக்குப் பாலும் பிஸ்கட்டும் கொடுக்கிறோம். அரைமணி கழிந்ததும் 'பொழுது சாய்கிறது, சாப்பிடு' என்று சோறும் காயும் வைக்கிறோம். நிறைந்த வயிறு காயைத்தான் முதலில் மறுக்கும். நமக்கு அவசரம், குழந்தைக்குப் பசியில்லை. எம் வீட்டில் பிரம்பு வெளிவந்த வேளையும் இதுவே.

இதற்குத் தீர்வு எளிது. சிற்றுண்டி வேறு, இரவுணவு வேறு என்று இரண்டாக வைக்காமல், பள்ளி விட்டு வந்த பசிக்கே மாலை உணவைக் கொடுக்க வேண்டும். கைகால் கழுவியவுடன் முதலில் ஒரு தட்டில் வெள்ளரித் துண்டுகளோ, வேகவைத்த அவரையோ, கொய்யாவோ வைக்கலாம். பசி மிகுந்த அவ்வேளையில் தட்டில் அது மட்டுமே இருந்தால் கை தானே செல்லும். சோறு அதன்பின் வரட்டும். தாய் பணிக்குச் செல்பவராயின், பாட்டியிடமோ உடனிருப்பவரிடமோ காலையிலேயே நறுக்கி வைத்துச் செல்லலாம்.

மாலையில் உண்டு முடித்த குழந்தை மறுநாள் காலை நல்ல பசியுடன் எழும். அவ்வேளையைப் பாலால் நிரப்பிவிடாமல் முதலில் பழம் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் பருகும் சிறு குழந்தைக்கு வேறு உணவில் நாட்டம் குறையும். பழச்சாற்றைக் காட்டிலும் பழமே நன்று.

யார் பொறுப்பு எது?

எல்லின் சாட்டர் என்னும் அமெரிக்க உணவியல் அறிஞர் 1980-களில் வகுத்த பங்கீடு ஒன்று நமக்கு மிகவும் பயன்படும். எதை, எப்பொழுது, எங்கே உண்பது என்பதைத் தீர்மானிப்பது பெற்றோர் பொறுப்பு. கொடுத்ததில் எவ்வளவு உண்பது, உண்பதா இல்லையா என்பது குழந்தையின் பொறுப்பு. ஒருவர் பொறுப்பில் மற்றவர் தலையிடும்போதுதான் சண்டை தோன்றுகிறது.

இதனைக் கேட்ட தாயொருவர், "அப்படியானால் பட்டினியாக எழுந்துவிடுவானே" என்றார். ஒரு வேளை குறைத்துண்ட நலமான குழந்தை மறுவேளையில் ஈடுசெய்துகொள்ளும். இடையில் முறுக்கும் பிஸ்கட்டும் கொடுக்காமலிருப்பதே நம் பங்கு. நாம் ஏற்றவற்றை மட்டுமே தட்டில் வைக்கிறோம். அவற்றுள் குழந்தை தேர்ந்தெடுக்கட்டும். அங்ஙனம் தானே தேர்ந்தெடுத்துப் பழகிய நாவே பிற்காலத்தில் விடுதியிலும் வெளியூரிலும் வழி தவறாது நிற்கும்.

பெரியோர் அட்டமி, சதுர்த்தசி நாட்களில் பச்சைக் காய்களை விலக்கலாம். மழைக்காலத்தில் கீரையை நீக்கலாம். அவை அறிந்து ஏற்கும் விரதங்கள். வளரும் குழந்தைக்கு அன்றும் அதற்குரிய பங்கு கிடைக்குமாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

எச்சரிக்கை

குழந்தையின் எடை கூடாமல் நின்றாலோ, குறைந்தாலோ, முகம் வெளிறியிருந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, நான்கைந்து பொருள் தவிர எதனையும் நெடுநாள் தொடாதிருந்தாலோ, மருத்துவரிடம் காட்டுக. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுத் திராட்சையும் முழு வேர்க்கடலையும் கொடுக்கலாகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளந்தும், நாவல், இலந்தை ஆகியவற்றைக் கொட்டை நீக்கியும் கொடுக்க வேண்டும்.

மூன்று திங்கள் பயிற்சி

அடுத்த இதழ் வரும் வரை நமக்கு ஏறக்குறைய பன்னிரண்டு வாரங்கள் உள்ளன. குழந்தை மறுக்கும் காய் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்க. வாரத்துக்கு இருமுறை, ஒரு தேக்கரண்டி அளவு, குழந்தைக்குப் பிடித்த வேறொன்றுடன் வைக்க. புகழவும் வேண்டா, கடியவும் வேண்டா. வீட்டார் அனைவரும் அதனை உண்க. சுவைத்த நாளில் நாட்காட்டியில் ஒரு புள்ளி இடுக. மூன்று திங்களில் இருபத்து நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். அவற்றுள் பாதியளவு நாவில் பட்டாலே பயிற்சி நன்கு நடந்தது என்று கொள்ளலாம்.

மீள்பார்வை வினாக்கள்

1. நம் குழந்தைக்கு ஒரு காய் ஆகாது என்று எத்தனை முறை கொடுத்தபின் முடிவு செய்தோம்?

2. மாலையில் பள்ளி விட்டு வந்த குழந்தையின் கையில் நாம் முதலில் கொடுக்கும் பொருள் யாது?

3. 'உண்ணக் கூடாது' என்று குழந்தையிடம் கூறியவற்றைப் பட்டியலிடுக. அதன் எதிரே, குழந்தை விரும்பி உண்ணும் நம் காய்கனிகளை எழுதுக. எப்பட்டியல் நீளமானது?

4. உணவு வேளையில் வீட்டுப் பெரியவர் எவரேனும் காயை ஒதுக்குகின்றனரா?

5. கேரட் விலக்கிய இல்லத்தில் அதன் சத்தைத் தரும் நான்கு பொருள்கள் யாவை? அவற்றுள் சென்ற வாரம் நம் வீட்டில் சமைத்தவை எவை?